பன்னிரண்டாயிரம் ரூபாயில் ஓர் அலுவலக அறை

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் சங்க அலுவலக அறையைச் சீர் செய்ய 12,000 ரூபாய் ஒதுக்கலாம் என்று செயற்குழு முடிவு செய்தது. அதற்கு ஒரு திட்டம் போட்டுத் தரும்படி என்னிடம் சொன்னார்கள். வங்கியில் 36 வருடம் குப்பை கொட்டியவருக்குச் செலவு செய்யக் கை வராது என்ற நம்பிக்கைதான் காரணமாக இருக்கும்.

இரண்டு கேள்விகள் என் காதுக்கு வந்தன. "லிஃப்ட் ரிப்பேருக்கே பணம் இழுபறியாக இருக்கும்போது ஆபீஸுக்கு அலங்காரம் எதற்கு?" என்பது ஒன்று. "பன்னிரண்டாயிரத்தில் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும்?" என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள்தான்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அந்த அறைக்குள் நாம் மாதத்தில் ஐந்து நிமிடம் நிற்கிறோம். பராமரிப்புப் பணம் கட்டுகிறோம், தண்ணீர் வரவில்லை என்று சத்தம் போடுகிறோம், வந்துவிடுகிறோம். நம் கணக்கு எழுதும் பெண் அங்கே காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரை உட்கார்ந்திருக்கிறார். இரண்டு வருடத்தில் இந்த வேலைக்கு வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். ஒவ்வொருவர் விலகும்போதும் ரசீது, டேங்கர் பில், பாக்கிப் பட்டியல் எல்லாம் குழம்பி, தெளிய இரண்டு மாதம் ஆகிறது. அறை மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். சம்பளமும் காரணம், நாம் பேசும் விதமும் காரணம். சம்பளத்தைப் பொதுக்குழுதான் முடிவு செய்ய வேண்டும். பேசும் விதத்தை மாற்ற ஒரு பைசா செலவில்லை. அறையை மாற்ற 12,000 போதும்.

எப்படிப் போதும் என்பது இரண்டாவது கேள்வி. அலங்காரம் என்றால் கடைக்குப் போய் ஏதாவது வாங்குவது என்று நினைக்கிறோம். முதல் வேலை வாங்குவது இல்லை, அகற்றுவது.

எண்பதுகளில் ஒரு சிறிய ஊர்க் கிளையில் வேலை பார்த்தேன். சுவரெல்லாம் இரும்பு பீரோ, பீரோ மேல் லெட்ஜர், லெட்ஜர் மேல் வவுச்சர் மூட்டை. பகலிலும் விளக்கு எரியும். பதிவேடுகளை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று வங்கிகளுக்கு 1985-இல் விதிகள் வந்தன. சிலவற்றுக்கு 5 வருடம், சிலவற்றுக்கு 8 வருடம். அதன்படி பட்டியல் போட்டு, அனுமதி வாங்கிக் கழித்தோம். ஒரு பீரோவை நகர்த்தினால் அதன் பின்னால் ஒரு ஜன்னல்! அங்கே ஜன்னல் இருப்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அன்றைக்கு அந்தக் கிளைக்கு வந்த வெளிச்சத்துக்கு நாங்கள் ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எந்த அலுவலகத்தையும் பாருங்கள். மேஜையைத் துடைத்து, ஒட்டடை அடித்து, மாவிலை கட்டிப் பொட்டு வைத்தவுடன் அதே அறை வேறு அறையாகிவிடும். பொரி கடலை தீர்ந்த மறுவாரம் பழைய குப்பை திரும்பி வந்துவிடும். நாம் செய்ய வேண்டியது அந்த ஒரு நாளை வருடம் முழுக்க நீட்டுவதுதான்.

நம் அலுவலகத்திலும் ஜன்னலை ஒட்டித்தான் பீரோ நிற்கிறது. உடைந்த நாற்காலி மூன்று, ஓடாத மின்விசிறி ஒன்று, யாரோ விட்டுப்போன ஷட்டில் வலை ஒன்று. இவை முதலில் போகட்டும். காகிதங்களில் மட்டும் அவசரம் கூடாது. பதிவுச் சான்றிதழ், கட்டட வரைபடம், தீர்மானப் புத்தகம், கணக்கு, வரி சம்பந்தப்பட்டவை எதையும் ஆடிட்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. கழிக்கும் காகிதத்தில் நம் தொலைபேசி எண்கள் இருக்கும். கிழித்த பிறகே பழைய பேப்பர்க்காரருக்குப் போடவேண்டும்.

அடுத்தது வெளிச்சம். அங்கே இருக்கும் இரண்டு பழைய 40 வாட் டியூப்களும் சோக்கோடு சேர்த்தால் ஒவ்வொன்றும் 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். 20 வாட் எல்இடி போட்டால் மாதம் ஏறக்குறைய 12 யூனிட் மிச்சம். வாங்கும்போது பெட்டியைப் பாருங்கள். 6500 கெல்வின் என்று இருந்தால் நீலம் கலந்த வெள்ளை, 3000 என்றால் மஞ்சள். 4000 நடுவில் இருக்கிறது. நாள் முழுக்கக் கண்ணுக்கு அதுதான் இதம் என்பது என் அபிப்பிராயம். மேஜையையும் திருப்பிப் போடவேண்டும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் கம்ப்யூட்டர் திரையில் கூசும், எதிரே இருந்தால் கண் கூசும். பக்கவாட்டில் இருப்பதே நல்லது.

மூன்றாவது வண்ணம். 12க்கு 10 அறை, 10 அடி உயரம். சுவர் 440 சதுர அடி; கதவு, ஜன்னல் கழித்தால் 380. ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 60, 70 சதுர அடி வரும். ஆகச் சுவருக்கு 6 லிட்டர், கூரைக்கு வெள்ளை 2 லிட்டர். வெளிர் நிறமாக இருந்தால் இருக்கும் வெளிச்சத்தையே திருப்பித் தரும். மீட்டர் ரூம் பக்கச் சுவரில் ஓதம் இருக்கிறது. அந்தக் கசிவை முதலில் அடைக்காவிட்டால் அடுத்த மழைக்குப் பெயின்ட் உரிந்துவிடும், பணம் தண்டம்.

என்ன நிறம் என்பதை நான் சொல்லப்போவதில்லை. நீங்களும் வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு வைக்க வேண்டாம். அங்கே உட்காருகிறவர் தேர்ந்தெடுக்கட்டும். ஒரு விஷயம் அவரிடம் கேட்டேன். "என்ன வேண்டும்?" என்றதற்கு, "பையை வைத்துப் பூட்ட ஒரு டிராயர் போதும் சார்" என்றார். பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறேன்.

கடைகளில் விசாரித்து நான் போட்ட கணக்கு இது.

பெயின்ட், பட்டி, இரண்டு நாள் கூலி: 4,500
எல்இடி இரண்டும் எலக்ட்ரீஷியன் கூலியும்: 800
தொங்கும் ஒயர்களை மூட பிவிசி பட்டை: 500
நாற்காலிக்குப் புது குஷன், சக்கரம்: 1,500
டிராயருக்குப் பூட்டு, தச்சர் கூலி: 600
ஜன்னலுக்குக் கைத்தறித் திரை: 800
நோட்டீஸ் போர்டு: 1,200
படச் சட்டம் நான்கு: 1,200
தொட்டி மூன்று: 300

மொத்தம் 11,400. எதிர்பாராத செலவுக்கு 600.

இதில் அலங்காரம் என்று சொல்லத்தக்கது கடைசி நான்கு வரிகள்தான். நோட்டீஸ் போர்டு வந்தால் சுவரில் செல்லோடேப் ஒட்டும் வழக்கம் நிற்க வேண்டும்; தேதி முடிந்த நோட்டீஸை மாதம் ஒருமுறை எடுத்துவிட வேண்டும். திரை, சென்னிமலைப் பக்கத்துக் கைத்தறி. துவைத்தால் தாங்கும், வெயிலை மட்டுப்படுத்தும், காற்றைத் தடுக்காது. சட்டங்களுக்குள் கடைப் படம் வேண்டாம். இந்தக் கட்டடம் எழும்பும்போது எடுத்த புகைப்படம் உங்களில் சிலரிடம் இருக்கிறது. நம் குழந்தைகள் வரைந்த படங்களும் இருக்கின்றன. சண்டை போட வருகிறவர் கண்ணில் தன் பேரன் வரைந்த யானை பட்டால் குரல் கொஞ்சம் இறங்கும் என்று ஒரு நப்பாசை!

செடி யாரும் வாங்க வேண்டாம். பால்கனியில் மணி பிளான்ட் இல்லாத வீடு இங்கே குறைவு. ஒரு கிளை வெட்டிக் கொடுங்கள். ஆனால் தண்ணீர் பாட்டிலில் வைக்காமல் மண்ணில் வைப்போம். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும்.

உங்களில் பலர் வேலைக்குப் போகிறவர்கள், சிலர் சொந்தமாகச் சின்ன ஆபீஸ் வைத்திருப்பவர்கள். அகற்றுவது, வெளிச்சம், வண்ணம், உட்காரும் வசதி, கடைசியில் அலங்காரம் என்ற இந்த வரிசை அங்கேயும் பொருந்தும். வரிசையைத் தலைகீழாக்கினால் குப்பைக்கு நடுவில் ஒரு பூச்சாடி இருக்கும், அவ்வளவுதான்.

இப்போது உங்களிடம் மூன்று வேண்டுகோள். பழைய புகைப்படமும் குழந்தைகளின் படமும் இருப்பவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் அலுவலகத்தில் கொடுங்கள். முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, பீரோ நகர்த்த நான்கு பேர் வாருங்கள்; காபி என் செலவு. வேலை முடிந்த பிறகு எல்லா பில்லும் அந்த நோட்டீஸ் போர்டிலேயே இருக்கும். வந்து கூட்டிப் பாருங்கள். பார்த்துவிட்டுப் போகும்போது, உள்ளே உட்கார்ந்திருப்பவரிடம் "சாப்பிட்டாச்சா அம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.