சூரியனின் இரைச்சலும் ஒரு பெண்ணின் உத்தியோகமும்



நான் காலேஜ் வாசற்படி மிதித்தவனல்ல. கிடைத்த புத்தகங்களைப் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறேன். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள்.

1942 பிப்ரவரி கடைசியில், யுத்த காலத்தில், இங்கிலாந்தின் ரேடார் கருவிகள் பல ஒரே இரைச்சலாகி உதவாமற் போயின. எதிரியின் சூழ்ச்சியோ என்று பயந்தார்கள். ஹே என்கிற விஞ்ஞானி, இரைச்சல் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று விசாரித்தார். சூரியனிருந்த திசையிலிருந்தே வந்தது. அப்போது சூரியன்மேல் பெரிய கரும்புள்ளிக் கூட்டமொன்று இருந்தது.

1947 மார்ச்சு 8-ந் தேதி ஆஸ்திரேலியாவில் ரூபி பெய்ன்-ஸ்காட் என்ற அம்மையாரும், யாப்ஸ்லி, போல்டன் என்ற இருவரும் சூரிய வெடிப்பொன்றின் இரைச்சலை மூன்று அலைவரிசைகளில் பதிவு செய்தார்கள். அது மூன்றிலும் ஒரே சமயத்தில் வரவில்லை. முதலில் உயர்ந்ததில், சில நிமிஷம் கழித்து அடுத்ததில், கடைசியாகத் தாழ்ந்ததில் வந்தது. காரணமென்ன? சூரியனைச் சுற்றியுள்ள வாயு கீழே அடர்த்தி. மேலே போகப்போக லேசு. அடர்ந்த இடம் உயர்ந்த அலைவரிசையிலும், லேசான இடம் தாழ்ந்ததிலும் ஒலிபரப்பும். ஆகவே அலைவரிசை இறங்கினால், ஏதோ ஒன்று வெளியே ஓடுகிறதென்று அர்த்தம். அது வெடிப்பு கிளப்பிய அதிர்ச்சி அலையென்று பின்னர் விளங்கிற்று. இறங்கும் விதத்தைக் கொண்டே அதன் வேகத்தைக் கணக்கிடலாம்.

இதனால் பயனென்ன என்பீர்கள். ரேடியோ அலை 8 நிமிஷத்தில் பூமிக்கு வரும். வெடித்த வாயுத்திரள் வந்து சேரப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளாகும். 1989 மார்ச்சு 13-ல் அப்படிப்பட்ட திரள் தாக்கி, கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் பேர் சுமார் 9 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தார்கள். முன்கூட்டித் தெரிந்தால் மின்சாரக்காரர் ஜாக்கிரதையாயிருக்கலாம். சாந்தி செய்து தடுக்கிற விஷயமல்ல இது!

இனி அந்த அம்மையாருக்குக் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள். கலியாணமான பெண்ணுக்கு அக்காலத்தில் அந்நாட்டு சர்க்கார் உத்தியோகத்தில் நிரந்தர இடம் கிடையாது. 1944-ல் செய்துகொண்ட கலியாணத்தை மறைத்தே அவர் வேலை பார்த்தார். விஷயம் வெளிப்பட்டு, 1950-ல் நிரந்தர உத்தியோகம் போயிற்று. 1951-ல், பிள்ளை பிறக்குமுன், வேலையையே விட்டார். அந்தச் சட்டம் 1966-ல்தான் ஒழிந்தது.

வெள்ளைக்காரன் தேசமென்றால் எல்லாம் அறிவுமயம் என்று எண்ணிவிடாதீர்கள். கழுத்தில் மாலை விழுந்ததும் மூளை மழுங்கிவிடுமா? மழுங்குமென்றால் ஆணுக்கு ஏன் மழுங்கவில்லை?

உங்கள் வீட்டுப் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துமுன் இதை ஒருமுறை யோசியுங்கள் என்று கேட்டு, என் வார்த்தைகளை முடித்துக்கொள்ளுகிறேன்.