பேயும் பெயரும்



மயானம் என்றதும் பேய் நினைவுக்கு வருவது நமக்குப் புதிதன்று. காரைக்காலம்மையார் தம்மைக் காரைக்காற்பேய் என்றே சொல்லிக்கொண்டவர். சீத்தலைச் சாத்தனாரோ மணிமேகலையில் 'சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை' என ஒரு காதை முழுவதையும் சுடுகாட்டுக்கே ஒதுக்கினார். சார்ங்கலன் என்ற இளைஞன் இரவில் வழிதவறி அங்கு நுழைகிறான். பேய் ஒன்று ஆடுவதைக் கண்டு அஞ்சி ஓடி, தாயிடம் வந்து விழுந்து உயிர் விடுகிறான். தாய் கோதமை சம்பாபதித் தெய்வத்திடம் முறையிடுகிறாள். தெய்வம் சொல்லும் மறுமொழிதான் கவனிக்கத்தக்கது: அணங்கும் பேயும் உயிரை உண்பதில்லை, அவனது பேதைமையைப் பற்றிக்கொண்டு ஊழ்வினையே உயிரை உண்டது.

கண்டியில் பிரித்தானியப் படையினரின் பழைய கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றபோது இந்தக் காதையே என் நினைவில் இருந்தது. தலதா மாளிகைக்குப் பின்புறமாகச் சிறிய ஏற்றத்தில் ஏறினால் அந்த இடம். பழைய கல்லறைகள் எங்கிருந்தாலும் கதைகளும் உடன் இருக்கும். வெள்ளைக் குதிரையில் வரும் துரையின் கதை நமது தோட்டப்புறங்களிலும் கேட்டதுதானே! உடன் வந்த மாணவரும் அத்தகைய கதை ஒன்றையே எதிர்பார்த்திருந்தனர்.

அங்கே அவர்களுக்குக் கிடைத்தவை பெயர்களும் வயதுகளும். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817இல் இத்தோட்டம் தொடங்கியது. நகர எல்லைக்குள் அடக்கம் செய்வது தடைசெய்யப்பட்டதால் 1870களில் மூடப்பட்டது. உறவினர் சிலருக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. கடைசி அடக்கம் 1951இல் நடந்தது. ஏறத்தாழ 195 பேர் இங்கு துயில்கின்றனர். கண்டி ஒப்பந்தத்தை எழுதிய சேர் ஜோன் டொயிலி 1824இல் காய்ச்சலால் இறந்தார். உயர்ந்த தூணோடு நிற்கிறது அவரது கல்லறை. ஜோன் ஸ்பொட்டிஸ்வுட் றொபர்ட்சன் 1856இல் காட்டு யானையால் கொல்லப்பட்டார். டேவிட் பின்ட்லே 1861இல் தமது வீடு இடிந்து விழுந்து மாண்டார். வோட்டர்லூப் போரில் தப்பிய கப்டன் ஜேம்ஸ் மெக்கிளாஷன், திருகோணமலையிலிருந்து மழையில் நனைந்தபடி கண்டிக்கு நடந்து வந்து 1817இல் மலேரியாவுக்குப் பலியானார். முப்பதைக் காணாதவர்கள் எத்தனை பேர்! குழந்தைகளும் உண்டு. சாத்தனார் சொன்னது சரிதான். இங்கும் உயிரை உண்டது பேயன்று. காய்ச்சலும் பேதியும் காடும்தான்.

அதே காய்ச்சலும் அதே காடும் இன்னொரு கூட்டத்தையும் தின்றன. 1824இல் கம்பளைக்கு அருகே சிங்ஹப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் அமைத்த காலந்தொட்டு, தமிழகத்திலிருந்து நம் முன்னோர் வந்தனர். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை நூறு மைலுக்கு மேல் காட்டுவழியே நடந்தனர். வாந்திபேதி கண்டு விழுந்தவர் விழுந்த இடத்திலேயே கிடந்தனர். 1840களில் வந்தவர்களில் ஏறத்தாழ 70,000 பேர் மடிந்தனர் என 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை மதிப்பிட்டது. புகைவண்டி நாவலப்பிட்டியை எட்டிய 1874ஆம் ஆண்டுக்குள் அந்த வழி எத்தனை பேரை விழுங்கியிருக்கும்! அவர்களில் ஒருவருக்கேனும் அவ்வழியில் பெயர் பொறித்த கல்லைக் கண்டவர் உண்டா?

மெக்கிளாஷனும் நடந்தே வந்தார். நம்மவரும் நடந்தே வந்தனர். இருவரையும் கொன்றது நோய்தான். ஆனால் அவருக்குக் கல் கிடைத்தது. நம்மவருக்குக் கிடைத்தது கதை. ஆற்றங்கரையில் முனி நிற்கிறது, ஆலமரத்தடியில் அழுகுரல் கேட்கிறது, உச்சிவேளையில் அந்தப் பக்கம் போகாதே என்று லயத்துப் பாட்டிமார் சொல்லிவைத்த கதைகளை நாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுகிறோம். அவற்றுள் எத்தனை, அங்கே யாரோ புதைக்கப்பட்டார்கள் என்ற செய்தியைச் சுமந்து நிற்பவையோ! எழுதப்படாத மரணம் பேய்க்கதையாகவேனும் வாழ்ந்திருக்கலாம். ஆகவே பேயை நம்ப வேண்டியதில்லை. கதையைக் கேட்கத்தான் வேண்டும்.

வீரனுக்கு நடுகல் நட்டு, பெயரும் பெருமையும் எழுதிய மரபு நம்முடையது. 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டு நிறைவையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடைபயணம் சென்றனர். அந்த நடை கால்களோடு நின்றுவிடலாகாது. கண்டிக் கல்லறைத் தோட்டம் 1998இல் புனரமைக்கப்பட்டது. இன்று பராமரிக்கப்பட்டு, வருவோர்க்கு விளக்கமும் சொல்லப்படுகிறது. அதில் பொறாமைப்பட எதுவுமில்லை, பின்பற்றவே உண்டு. தோட்டங்களில் தேயிலைக்குள் மறைந்துவரும் புதைகுழி மேடுகள் எங்கெங்கே உள்ளன? அங்கே கிடப்போர் யார் வீட்டார்? எந்த ஊரிலிருந்து வந்தவர்? இவற்றைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு கொப்பியைக் கொடுங்கள். பாட்டி சொல்லும் பேய்க்கதையை அவர் சொல்லும்படியே எழுதச் சொல்லுங்கள். கதையின் முடிவில் ஒரேயொரு கேள்வியையும் கேட்கச் சொல்லுங்கள்: "அப்பாயி, அங்க யாரைப் புதைச்சாங்க?"