தனிச் சேனலும் தொகுப்பு விலையும்

1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பலவகைப் பண்டங்களையும் சேவைகளையும் போட்டி விலையில் பெறும் உறுதியை நுகர்வோரின் உரிமைகளுள் ஒன்றாக வகுத்தது. மளிகை வாங்குவோருக்கு இவ்வுரிமை பெருமளவு இயல்பாகவே உண்டு. துவரம் பருப்புடன் வேண்டாத பொருள்களையும் கடைக்காரர் தலையில் கட்ட முயன்றால் அடுத்த கடைக்குப் போகலாம். தொலைக்காட்சி பார்ப்போர் நிலை அவ்வாறன்று. ஒரு தெருவில் பெரும்பாலும் ஒரே கேபிள் இணைப்புதான் இருக்கும். ஒரு கிரிக்கெட் தொடரின் ஒளிபரப்பு உரிமையும் ஒரே நிறுவனத்திடம் இருக்கும்.

விரும்பிய கட்டணச் சேனலுக்கு மட்டும் பணம் செலுத்தும் முறைக்கு 2002-இல் சட்டத் திருத்தம் வழி செய்தது. 2003 செப்டம்பர் முதல் நாள் சென்னையில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் செட்டாப் பெட்டியின் செலவு நுகர்வோர் மீது விழுந்தமையால், மிகப் பல வீடுகள் பெட்டி வாங்காமல் இலவசச் சேனல்களோடு நின்றுவிட்டன. வாங்க மறுப்பதும் நுகர்வோர் அளிக்கும் ஒரு விடையே. டெல்லி, மும்பை, கொல்கத்தா நகரங்களின் சில பகுதிகளுக்கு 2006 இறுதியில் இம்முறை வந்தபோது, கட்டணச் சேனல் ஒன்றின் உச்ச விலை மாதம் ரூ.5 என வரையறுக்கப்பட்டிருந்தது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017 மார்ச்சில் வெளியிட்ட கட்டண ஆணை இதே நோக்கத்தை நாடு முழுமைக்கும் விரித்தது. வழக்குகளைக் கடந்து, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் அதிகாரத்தை உறுதி செய்தபின், 2019 பிப்ரவரியில் அது செயலுக்கு வந்தது. 100 சேனல்களுக்கான இணைப்புக் கட்டணம் வரி நீங்கலாக ரூ.130-க்கு மேற்படலாகாது என்று அப்போது விதிக்கப்பட்டிருந்தது. ரூ.19-க்கு மேல் விலையுள்ள சேனலைத் தொகுப்பில் சேர்க்கலாகாது. ஒவ்வொரு சேனலும் தனியாகவும் கிடைத்தல் வேண்டும்.

உரிமை ஏட்டில் முழுமை பெற்றது. விலையோ அதை வெறுமையாக்கியது. ஒரு வீட்டார் விரும்புவது மூன்று சேனல்கள் எனக் கொள்வோம். தனித்தனியே ரூ.19 வீதம் ரூ.57 ஆகும். அதே மூன்றுடன் வேறு ஒன்பதைச் சேர்த்து, நிறுவனம் ரூ.45-க்குத் தருகிறது. எவர்தாம் தனியாக வாங்குவர்? இங்கு ரூ.19 என்பது விற்பதற்கான விலையன்று. தொகுப்பின்பால் துரத்துவதற்கான விலை. கேட்காத ஒன்பது சேனல்களும் வீட்டினுள் நுழைந்துவிட்டமையால், இத்தனை இலட்சம் வீடுகளை எட்டுகிறோம் என்று விளம்பரதாரரிடம் கணக்குக் காட்ட முடிகிறது. வேண்டாத சேனலும் இணைப்புக் கட்டணத்திற்குரிய எண்ணிக்கையில் இடம் பிடிக்கிறது. தொகுப்பு ஏதுமில்லாத சிறு ஒளிபரப்பாளர் ஓரங்கட்டப்படுகிறார்.

ஆணையம் இதனை முன்னுணராமல் இல்லை. தொகுப்புத் தள்ளுபடி 15 சதவீதத்தைத் தாண்டலாகாது என்று 2017 ஆணையிலேயே விதித்திருந்தது. அவ்விதியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் நீக்கியது. அதன் பின்னர்த் தள்ளுபடி 70 சதவீதம் வரை சென்றதை ஆணையமே 2019-இல் சுட்டிக்காட்டியது. 2020 சனவரியில் ரூ.19 என்ற வரம்பு ரூ.12 ஆகக் குறைக்கப்பட்டது. இந்த ஆணையின் பெரும்பகுதியை மும்பை உயர் நீதிமன்றம் 2021-இல் ஏற்றது. ஆயினும் நிறுவனங்கள் தம் புகழ்பெற்ற சேனல்களைத் தொகுப்பிலிருந்து வெளியே எடுத்து, ரூ.19-க்கும் மேல் விலை குறித்தன. பார்வையாளர் எவற்றை விடமாட்டார் என்பதை அவை நன்கறியும். 2022 நவம்பரில் வரம்பு மீண்டும் ரூ.19 ஆயிற்று, தள்ளுபடி 45 சதவீதம் வரை அனுமதிக்கப்பட்டது. 2024-இல் இணைப்புக் கட்டண உச்சவரம்பும் அகற்றப்பட்டது.

நுகர்வோரிடம் எஞ்சியது வெளியேறும் ஆற்றலே. 2020 இறுதியில் ஏறத்தாழ 7 கோடியாக இருந்த கட்டண டி.டி.எச். சந்தாதாரர் எண்ணிக்கை, 2024 இறுதியில் 6 கோடிக்கும் கீழே இறங்கியது. மாதக் கட்டணமில்லாத தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ் ஒரு புகலிடம். இணையவழிச் சந்தா மற்றொன்று. பின்னதன் விலைக்கு ஆணையத்தின் வரம்பு ஏதுமில்லை என்பதை மறத்தலாகாது.

ரிலையன்ஸ், டிஸ்னி நிறுவனங்களின் இந்திய ஊடகத் தொழில்கள் 2024-இல் இணைந்தன. கிரிக்கெட் ஒளிபரப்பில் தொலைக்காட்சி விளம்பர நேரத்தையும் இணையவழி விளம்பர நேரத்தையும் ஒரே கட்டாக விற்பதில்லை என்ற உறுதிமொழியைப் பெற்ற பின்னரே போட்டி ஆணையம் அவ்விணைப்புக்கு இசைந்தது. கட்டாக வாங்கும்படி நெருக்கப்படாத நிலை விளம்பரதாரருக்கு இவ்வாறு வாய்த்தது. சந்தா செலுத்தும் வீட்டாருக்கு 45 சதவீதத் தள்ளுபடித் தொகுப்பே வாய்த்திருக்கிறது.