1960ஆம் ஆண்டின் பூமியதிர்ச்சிகள்

பூமியதிர்ச்சி நிகழாத ஆண்டு என ஒன்று இல்லை. நுண்ணிய கருவிகள் பதிவு செய்யும் அதிர்வுகள் ஓராண்டில் பல்லாயிரமாகும். அவற்றுட் பெரும்பாலானவற்றை மனிதர் உணர்வதேயில்லை. ஆயினும் சில ஆண்டுகள் மற்றவற்றினின்றும் விலகித் தனித்து நிற்கின்றன. 1960ஆம் ஆண்டு அத்தகையது. கருவிகள் அளந்தவற்றுள் மிகப் பெரிய பூமியதிர்ச்சி அவ்வாண்டிலேயே நிகழ்ந்தது. ஆனால், அவ்வாண்டில் மிகுதியான உயிர்களைக் கொண்டு சென்றது அதுவன்று. அதனோடு ஒப்பிட்டால் அற்பமென்றே சொல்லத்தக்க வேறொன்றாகும். இம்முரண்பாடு எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய, அவ்வாண்டின் பெப்ருவரி மாதத்திலிருந்து தொடங்குதல் வேண்டும்.

ஆபிரிக்காவின் வடமேற்கு மூலையில், அத்திலாந்திக் சமுத்திரக் கரையில் அமைந்துள்ளது மொறொக்கோ நாட்டின் அகாதிர் நகரம். துறைமுகமும், மீன்பிடித் தொழிலும், வெயிலை நாடிவரும் ஐரோப்பிய உல்லாசப் பிரயாணிகளும் அதற்கு வாழ்வளித்தன. குன்றின் மேல் 16ஆம் நூற்றாண்டிற் கட்டப்பட்ட பழைய கோட்டை. அதன் அடிவாரத்தில் பவுண்டி என்னும் மீனவர் குடியிருப்பு. அதற்கப்பால் தல்போர்ஜித் என்னும் கடைவீதிப் பகுதி. தெற்கே பிரெஞ்சுக்காரர் வகுத்த புதிய நகரம். பெப்ருவரி மாதத்தின் கடைசி வாரத்திற் சிறு அதிர்வுகள் சில உணரப்பட்டன. மக்கள் சற்று அஞ்சினர். பின்னர் தத்தம் வேலையைப் பார்த்தனர்.

அது ரமழான் நோன்பின் தொடக்க நாட்கள். பெப்ருவரி 29ஆம் திகதி, திங்கட்கிழமை, இரவு 11 மணி 40 நிமிடமளவில் நிலம் அதிர்ந்தது. பெரும்பாலானோர் வீட்டினுள் இருந்த வேளை. அதிர்ச்சி நீடித்தது ஏறத்தாழ 15 விநாடிகள் மாத்திரமே. அந்த 15 விநாடிகளில் அகாதிர் அழிந்தது. கோட்டையிலும் பவுண்டியிலும் நிமிர்ந்து நின்ற கட்டடம் ஒன்றைக் காண்பது அரிதாயிற்று. தல்போர்ஜித்தில் பத்தில் ஒன்பது பங்கு மண்மேடாகியது. 12,000 முதல் 15,000 வரையிலான மக்கள் மாண்டனர் என்பது கணக்கு. அஃதாவது நகர மக்களுள் மூவரில் ஒருவர். புதிய நகரத்தின் மாடிக் கட்டடங்களும் தப்பவில்லை. பெயர்பெற்ற சாதா ஹோட்டல் தன்னுள் தங்கியிருந்தோரோடு சரிந்து விழுந்தது.

இவ்வளவு அழிவைச் செய்த அதிர்ச்சியின் அளவு 5.8க்கு மேற்படவில்லை. அத்தகைய அதிர்ச்சிகள் உலகில் ஆண்டுதோறும் பல நூறு நிகழ்கின்றன. கடலின் நடுவிலோ பாலைவனத்திலோ நிகழும்போது அவற்றைப் பத்திரிகைகள் ஒரு வரியிற்கூடக் குறிப்பதில்லை. அகாதிரின் கேடு யாதெனில், அதிர்ச்சியின் மையம் நகரத்தின் கீழேயே, மிகக் குறைந்த ஆழத்தில் அமைந்தமையாகும். கேட்டுக்கு மற்றொரு காரணமும் உண்டு. பழைய வீடுகள் கல்லை மண்சாந்தினால் ஒட்டி எழுப்பப்பட்டவை. பக்கவாட்டில் ஓர் உலுக்கு உலுக்கினால் சுவர் வெளியே சாயும். சுமையான கூரை நேராகக் கீழே இறங்கும். புதிய கட்டடங்களிற் பலவும் பூமியதிர்ச்சியை மனத்திற் கொண்டு அமைக்கப்பட்டவையல்ல. 1731ஆம் ஆண்டில் இதே இடத்தில் இருந்த ஊர் இதே விதமாக அழிந்திருந்தது. ஆனால் இரண்டு நூற்றாண்டுகள் என்பது ஓர் ஊரின் ஞாபகத்துக்கு மிக நீண்ட காலம்.

பிணங்களை எடுத்து முடிப்பதற்கு முன்னரே நோய் பரவும் என்ற அச்சம் எழுந்தது. இரண்டு நாட்களின் பின் எஞ்சியோர் யாவரும் நகரத்தை விட்டு வெளியேற்றப்பட்டனர். அப்போது இளவரசராக இருந்தவரும் பின்னர் அரசரானவருமான ஹசன் மீட்புப் பணிகளை முன்னின்று நடத்தினார். அவருடைய தந்தையாராகிய ஐந்தாம் முகம்மது மன்னர் நகரத்தை மீண்டும் எழுப்புவதென உறுதி கொண்டார். பழைய இடத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு மைல் தெற்கே புதிய அகாதிர் உருவாயிற்று. அந்நகரின் கட்டடங்களுக்கென வகுக்கப்பட்ட விதிகள் ‘அகாதிர் 1960’ என்ற பெயராலேயே வழங்கின. மொறொக்கோவின் மலைக்கிராமங்களுக்கு அவ்விதிகளின் பயன் எட்டவில்லை என்பதை 2023ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் அத்லசு மலைப்பகுதியிற் கண்டனர். அங்கே மண்வீடுகள் சரிந்து 3,000 பேரளவில் இறந்தனர்.

ஏப்பிரல் 24ஆம் திகதி தென் ஈரானில் உள்ள லார் என்னும் பழம்பெரும் நகரம் அதிர்ந்தது. அளவு ஏறத்தாழ 6. மாண்டவர் சில நூற்றுவர். உலகம் அகாதிரின் துயரத்திலிருந்து மீளாத நேரமாதலின் லாரைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. அங்கும் கதை ஒன்றே: மண்சுவரும் சுமையான கூரையும்.

பின்னர் மே மாதம் வந்தது. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாக ஒரு நாடாவைப் போல நீண்டு கிடக்கும் சிலி நாட்டில், மே 21ஆம் திகதி விடியற்காலையில் கொன்செப்சியோன் நகரம் ஒரு பெரும் அதிர்ச்சியினால் தாக்குண்டது. அதுவே 8ஐத் தாண்டியது. வேறோர் ஆண்டாயின் அவ்வாண்டின் தலையாய நிகழ்ச்சியாக அது எண்ணப்பட்டிருக்கும். ஆனால் அது முன்னுரை மாத்திரமே. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன் மீண்டும் ஒரு பலத்த அதிர்ச்சி ஏற்பட, மக்கள் அஞ்சி வீதிக்கு வந்தனர். அவர்கள் வீதியில் நிற்கையிலேயே, 3 மணி 11 நிமிடமளவில், மகா அதிர்ச்சி தொடங்கியது. சமுத்திரத்தின் அடித்தளம் கண்டத்தின் கீழே ஏறத்தாழ 600 மைல் நீளத்துக்கு நழுவியது. பல நிமிடங்கள் வரை மனிதரால் நிலத்தில் நிற்க இயலவில்லை.

இதன் அளவு 9.5. அக்காலத்துப் பத்திரிகைகளில் இவ்வெண் காணப்படாது; அவை எட்டரைக்கு உட்பட்ட எண்களையே வெளியிட்டன. மிகப் பெரிய அதிர்ச்சிகளின் முன் பழைய றிக்டர் அளவுகோல் குன்றிப்போகும். யப்பானிய விஞ்ஞானியாகிய கனாமோரி 1977இல் வெளியிட்ட புதிய முறையின்படியே 9.5 என்னும் எண் கிடைத்தது. இவ்வளவைகளில் ஒரு படி உயர்ந்தால் வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 32 மடங்கு பெருகும். எனவே சிலியின் அதிர்ச்சி அகாதிரின் அதிர்ச்சியிலும் மூன்று இலட்சம் மடங்குக்கு மேல் வலியது. பூமி முழுவதும் அடிபட்ட மணியைப் போல அதிர்ந்தது. அவ்வாறு அதிரக்கூடும் எனக் கணித அறிஞர் அரை நூற்றாண்டுக்கு முன்னரே எழுதியிருந்தனர். அது கருவிகளில் ஐயமறப் பதிவானது அன்றே முதன்முறை.

ஆயின் மாண்டவர் எத்தனை பேர்? சிலியில் இறந்தோர் 1,655 பேர் என்பது பலரும் எடுத்தாளும் கணக்கு. சில கணக்குகள் ஆறாயிரம் வரை செல்கின்றன. வீடிழந்தோர் இருபது இலட்சம் பேர். எந்தக் கணக்கை ஏற்றாலும் அது அகாதிரின் தொகையிற் பாதிக்கு மேற்படாது. முன்னதிர்ச்சி மக்களை வெளியே அழைத்து வந்திருந்தது என்பது ஒரு காரணம், அது தற்செயல். மற்றக் காரணம் தற்செயலன்று. தென் சிலியில் வீடுகள் மரத்தினால் அமைந்தவை. 1835ஆம் ஆண்டில் வல்திவியா நகரத்தருகே இருந்தபோது பூமியதிர்ச்சியை அனுபவித்த சார்ள்ஸ் டார்வின், அந்நகரின் மரவீடுகள் கிரீச்சிட்டு ஆடினவேயன்றி விழவில்லை என்று தம் பிரயாண நூலிற் குறித்துள்ளார். கல்லும் செங்கல்லுமாய் இருந்த கொன்செப்சியோன் அதே நாளில் இடிபாடாகியதையும் அவர் பின்னர் நேரிற் கண்டார். இருபதாம் நூற்றாண்டில் 1928இலும் 1939இலும் பட்ட அடியின் பின் சிலி அரசாங்கம் கட்டட விதிகளை இறுக்கியிருந்தது. 1939இல் சில்லான் நகரைச் சூழ்ந்த பகுதியில் மாண்டோர் பல்லாயிரவர். அவர்கள் உயிர் கொடுத்துப் பெற்ற விதிகள் அவை.

சிலியின் கதையில் ஒரு பகுதி வெளியுலகிற் போதிய அளவு பேசப்படவில்லை. வல்திவியாவுக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் றினிஹுவே என்றோர் ஏரி உண்டு. அதிலிருந்து புறப்படும் ஆறு பல ஊர்களைக் கடந்து வல்திவியாவை அடைகிறது. அதிர்ச்சியின்போது மலைச்சரிவுகள் இடிந்து ஆற்றின் வாயை அடைத்தன. ஏரியின் நீர் நாளுக்கு நாள் உயர்ந்தது. 80 அடி வரை உயர்ந்த மண்ணணையை நீர் தாண்டினால், அணை கரைந்து, ஏரி முழுவதும் ஒரே பாய்ச்சலாய்க் கீழே இறங்கும். 1575இல் நிகழ்ந்த பூமியதிர்ச்சியின் பின் இதே ஏரி இவ்வாறே அடைபட்டு, சில மாதங்களின் பின் உடைத்துப் பெருந்தொகையானோரைக் கொன்றது. இங்கு பழைய ஏடு உதவியது. ஆபத்தை எவரும் ஐயுறவில்லை.

பொறியியலாளர் றவுல் சாயெஸ் தலைமையில் வேலை தொடங்கியது. மண்வாரி இயந்திரங்கள் சேற்றிற் புதைந்தன. ஆகவே போர்வீரரும் தொழிலாளரும் மண்வெட்டி கொண்டே அணையின் உச்சியைக் குறைத்தனர். மழைக்காலம், குளிர், பின்னதிர்ச்சிகள் இடையிடையே நிலத்தை அசைத்தன. மேலேயுள்ள ஏரிகளிலிருந்து வரும் நீரையும் தற்காலிக அணைகளால் தடுத்து நாட்களைச் சம்பாதித்தனர். இரண்டு மாத உழைப்பின் பின், யூலை மாதப் பிற்பகுதியில், நீர் தாழ்த்தப்பட்ட வழியால் வெளியேறியது. வல்திவியாவின் தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. மக்கள் முன்னரே வெளியேறியிருந்தமையால் உயிர்ச்சேதம் இல்லை. பூமியதிர்ச்சியை எவராலும் தடுக்க இயலாது என்பது மெய். அதன் பின் வரவிருந்த பேரிடர் ஒன்றை மண்வெட்டி தடுத்தது என்பதும் மெய்.

கடலைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. சிலியின் கரையில் எழுந்த அலைகள் சில இடங்களில் 80 அடி வரை உயர்ந்தன. சிலியில் மாண்டவருள் மிகப் பலரைக் கொண்டது கடலே. அலை அங்கு நிற்கவில்லை. ஆழ்கடலில் ஆகாய விமானத்தின் வேகத்தோடு பசுபிக் சமுத்திரத்தைக் கடந்தது. ‘சுனாமி’ என்னும் யப்பானியச் சொல் இன்று இலங்கையிற் சிறு பிள்ளையும் அறிந்தது. அன்று அது அறிஞர் சிலரின் சொல்.

6,000 மைலுக்கு அப்பால் உள்ள ஹவாய்த் தீவின் ஹீலோ நகரில் எச்சரிக்கைச் சங்கு இரவு 8.30 மணிக்கே ஒலித்தது. 1946இல் பட்ட அடியின் பின் அமெரிக்கர் அமைத்த எச்சரிக்கைச் சேவை தன் கடமையைச் சரியாகவே செய்தது. சங்கொலியைக் கேளாதவர் மிகச் சிலரே. கேட்டவருட் பாதிக்கு மேற்பட்டோர் வெளியேறவில்லை. முன்னைய ஆண்டுகளிற் சங்கு ஒலித்தபோது வந்த அலைகள் உயிர் கொள்ளவில்லை என்பது அவர்கள் ஞாபகம். சங்கு ஒலிக்கும் முறை அண்மையில் மாற்றப்பட்டிருந்தமையால், அடுத்த சங்குக்காகக் காத்திருந்தவர்களும் உளர். நள்ளிரவின் பின் வந்த முதல் அலை சிறியது. வேடிக்கை பார்க்க நின்றவர்களும் வீடு திரும்பியவர்களும் இருந்தனர். 1 மணி 4 நிமிடத்துக்குப் பேரலை சுவரெனப் புகுந்தது. 61 பேர் மாண்டனர்.

யப்பானில் நிகழ்ந்தது வேறு விதம். அங்கே கிழக்குக் கரை மக்கள் அலையை நன்கறிந்தவர்கள். நிலம் ஆடினால் மேட்டுக்கு ஓடு என்பது அவர்களின் பரம்பரைப் பாடம். மே 24ஆம் திகதி விடியற்காலையில் நிலம் ஆடவில்லை. 10,000 மைலுக்கு அப்பாலிருந்து, ஏறக்குறைய 22 மணி நேரம் பிரயாணம் செய்து வந்த அலை, ஒபுனாட்டோ, சிசுகாவா முதலிய துறைமுகங்களில் ஓசையின்றி ஏறியது. ஹவாயின் செய்தி பல மணி நேரத்துக்கு முன்னரே கிடைத்திருந்தும், அதிகாரிகளின் எச்சரிக்கை அலைக்குப் பின்னரே வெளியாயிற்று. 140 பேரளவில் உயிரிழந்தனர். இதன் பின்னரே பசுபிக் நாடுகள் யாவும் செய்தியைப் பகிர்ந்து கொள்ளும் ஏற்பாடு ஒன்று, யுனெஸ்கோவின் ஆதரவில் 1965இல் உருவாயிற்று.

அவ்வேற்பாடு பசுபிக் சமுத்திரத்தோடு நின்றது. இந்து சமுத்திரத்தில் அத்தகைய ஏற்பாடு 39 ஆண்டுகளாக அமையவில்லை. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி காலை, சுமாத்திராவின் கடலடி நழுவியபோது, இலங்கையின் கிழக்குக் கரையை அலை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடித்தது. ஹீலோவில் சங்கு ஒலித்தும் மக்கள் நின்றனர். யப்பானில் எச்சரிக்கை பிந்திற்று. இங்கு ஒலிப்பதற்குச் சங்கே இருக்கவில்லை. நாடு முழுவதிலும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

நேயர்களே, 2012ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு மேற்கே 8.6 அளவான அதிர்ச்சி நிகழ்ந்தபோது, 2004இன் பின் அமைந்த இந்து சமுத்திர எச்சரிக்கைச் சேவை விரைந்து செயற்பட்டது. இலங்கையின் கரையோரங்களுக்கு அறிவித்தல் சென்றது. மக்கள் குழந்தைகளையும் முதியோரையும் கூட்டிக்கொண்டு மேட்டு நிலங்களுக்குச் சென்றனர். கடலடி அன்று பக்கவாட்டில் நகர்ந்ததேயன்றி மேலெழவில்லை. ஆதலின் பேரலை வரவில்லை. எச்சரிக்கை நீக்கப்பட்டதும் மக்கள் வீடு திரும்பினர்.