வாசலில் நிற்கும் உழைப்பாளி



மாலைப் பொழுதில் வெள்ளவத்தைக் காலி வீதியில் சிறிது நேரம் நின்று பார்ப்போர்க்கு ஒரு காட்சி தவறாது தென்படும். முதுகிலே பெரும் பெட்டியைச் சுமந்த இளைஞர் பலர், மோட்டார் சைக்கிளில் ஏறி, கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகளுள் விரைந்து மறைவர். கொட்டாஞ்சேனையிலும் இக்காட்சியே, ஜம்பட்டா வீதியின் நெரிசலூடே அவர்கள் வழி தேடிச் செல்கின்றனர். அவர்கள் கொண்டு செல்வன யாவை? நம் வீட்டுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, பால்மா, மரக்கறி. நம் அடுப்பு எரிவதற்கு உழைக்கும் இவர்களின் நிலை யாது என்பதே இன்று யாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

கைத்தொலைபேசிச் செயலி வாயிலாக வாகனம் அழைக்கும் வழக்கம் 2015ஆம் ஆண்டில் கொழும்புக்கு வந்தது. பிக்மி, ஊபர் ஆகிய இரண்டும் அவ்வாண்டிலேயே இங்குத் தொழில் தொடங்கின. 2018இல் ஊபர் ஈட்ஸ் உணவு விநியோகத்தைத் தொடங்கிற்று. 2020 மார்ச் 20ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, கடைக்குப் போக இயலாத நகரமக்கள் பலசரக்கையும் இவ்வழியே பெறப் பழகினர். நோய்க்கு அஞ்சி நாம் கதவடைத்திருந்த நாட்களில், அக்கதவுவரை வந்து சென்றவர்கள் இவர்களே.

இவர்களை நிறுவனங்கள் ஊழியர் என அழைப்பதில்லை. பங்காளர் என்றே அழைக்கின்றன. சொல் இனியது, ஆயின் பங்கு எதில் என்று வினவுதல் வேண்டும். மோட்டார் சைக்கிள் அவருடையது. அதன் லீசிங் தவணையும், பெற்றோலும், பழுதுபார்க்குஞ் செலவும் அவருடையனவே. கூலி ஒவ்வொரு பயணத்துக்கும் கணக்கிடப்படுகிறது. அடுத்த ஓடர் வரும்வரை வீதியோரத்தில் கழியும் பொழுதுக்குக் கூலி இல்லை. 2022இல் எரிபொருள் முடை நேர்ந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று பங்கீடு வகுக்கப்பட்ட காலத்தில், அந்நாலு லீற்றருக்குள் இவர்தம் வருவாய் அடங்கிற்று. நட்டத்தில் முழுப் பங்கும், கட்டணத்தை வகுப்பதில் பங்கின்மையும் உடைய பங்காளர் இவர்.

ஓர் அரிசிப் பையின் பயணத்தை எண்ணிப் பாருங்கள். சுப்பர்மார்க்கெட்டில் அதனை நிறுத்துக் கட்டித் தருபவர் ஊழியர். கடை, அலுவலக ஊழியர்க்கான 1954ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய வேலை நேரத்துக்கு வரம்பு இட்டு, விடுமுறையையும் உறுதி செய்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் நூற்றுக்கு 8 செலுத்த, முதலாளி 12 செலுத்துகிறார். 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 செலுத்துகிறார். வேலையில் காயமுற்றால் நட்டஈடு பெற 1934ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் உண்டு. அதே பையை மழையில் சுமந்து வருபவர் பங்காளர் எனப்படுவதால், இவற்றுள் எதுவும் அவரை வந்தடைவதில்லை. நிறுவனம் தானே மனமுவந்து விபத்துக் காப்புறுதி அளிப்பினும், அது சலுகையேயன்றி உரிமை அன்று. பையை நிறுத்தவர்க்கு உள்ள காவல், சுமந்தவர்க்கு இல்லை.

இனி, நம் கையில் உள்ள அதிகாரத்தைப் பற்றிச் சொல்லல் வேண்டும். பொருள் வந்து சேர்ந்ததும், கொணர்ந்தவரை மதிப்பிடுமாறு செயலி நம்மைக் கேட்கிறது. சிலவற்றில் ஐந்து நட்சத்திரம். வேறு சிலவற்றில் கட்டைவிரற் சின்னம். நாம் விளையாட்டாகத் தொடும் அது ஒரு தீர்ப்பாகும். மதிப்பெண் மிகத் தாழ்ந்தால் கணக்கே முடக்கப்படலாம். எளிய சராசரிக் கணக்கொன்று பாருங்கள். பத்தொன்பது பேர் ஐந்து நட்சத்திரமும், ஒருவர் ஒன்றும் இட்டால் சராசரி 4.8 ஆகும். அது மீண்டும் 4.9ஐ எட்ட, மேலும் இருபது பேர் ஒரு குறையுமின்றி ஐந்து இடுதல் வேண்டும். ஒருவருடைய சினத்தை ஆற்ற இருபதின்மருடைய மகிழ்ச்சி வேண்டியதாகிறது.

அச்சினத்துக்குக் காரணம் பெரும்பாலும் அவர் செயல் அன்று. கடையில் பருப்பு தீர்ந்திருக்கும், பணம் செலுத்துமிடத்தில் வரிசை நீண்டிருக்கும், தொடர்மாடியின் வாயிற்காவலர் தடுத்திருப்பார், மின்தூக்கி இயங்கியிராது. பழி மட்டும் இறுதியில் வாசலில் நிற்பவரைச் சேர்கிறது. ஆசிரியத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். க. பொ. த. பரீட்சையில் புள்ளி குறைந்த மாணவன், விடைத்தாளை மீளாய்வு செய்யுமாறு விண்ணப்பிக்கலாம். பதினாறு வயதுப் பிள்ளைக்கு நாம் அளிக்கும் நீதி, குடும்பம் காக்கும் தொழிலாளிக்கும் உண்டாதல் வேண்டாவா?

சந்தோசம் என்று நாம் கொடுக்கும் சிறுதொகையும் இத்தகையதே. கொடுப்பது நன்று, மழை நாளில் கொடுப்பது மிக நன்று. ஆயின் சந்தோசம் கூலிக்கு ஈடாகாது. அமெரிக்காவில் பலசரக்கு விநியோகம் செய்யும் இன்ஸ்டகார்ட் நிறுவனம், வாடிக்கையாளர் கொடுத்த அன்பளிப்பையும் தான் உறுதி செய்த குறைந்தபட்சக் கூலிக்குள் சேர்த்துக் கணக்கிட்டு, கண்டனம் எழவே 2019இல் அம்முறையைக் கைவிட்டது. கொடுப்பவரின் அன்பு முதலாளியின் செலவைக் குறைக்கும் கருவியாகிவிடலாகாது.

பிற நாடுகள் இதனை எங்ஙனம் நோக்கின? 2021 பெப்ரவரியில் பிரித்தானிய உயர்நீதிமன்றம், ஊபர் சாரதிகள் குறைந்தபட்சக் கூலியும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் பெறத்தக்க தொழிலாளரே எனத் தீர்த்தது. மதிப்பெண் கொண்டு நிறுவனம் அவர்களைக் கட்டுப்படுத்துவதும் அத்தீர்ப்புக்குக் காட்டிய காரணங்களுள் ஒன்று. எனினும் 2023இல் அதே மன்றம், தமக்குப் பதில் வேறொருவரை அனுப்பும் உரிமை டெலிவரூ விநியோகத்தினருக்கு இருந்தமையால், அவர்களை வேலைத் தொடர்புடையோராகக் கொள்ள மறுத்தது. ஆகவே வழக்குமன்றத்தை மட்டும் நம்பியிருத்தல் போதாது, சட்டம் வேண்டும். இந்தியாவின் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இத்தொழிலாளரைப் பெயர் சுட்டிக் கூறி, அவர்தம் நலனுக்காக நிறுவனங்கள் ஆண்டு விற்றுவரவில் நூற்றுக்கு 1 முதல் 2 வரை செலுத்த விதிக்கிறது. தமிழ்நாடு 2023இல் இவர்களுக்கென நலவாரியம் அமைத்தது.

நமக்கும் இவ்வழி புதிதன்று. 1919இல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் தொழிலாளர் நலனுக்கெனச் சங்கம் கண்டதும், 1922இல் ஏ. ஈ. குணசிங்க இலங்கைத் தொழிற்சங்கத்தை நிறுவியதும் இக்கொழும்பு மாநகரிலேதான். கொட்டாஞ்சேனைக்கு அணித்தான துறைமுகத்திலே அன்றாடங் கூலிக்குச் சுமை தூக்கியோரும், காலப்போக்கில் நிலையான தொழிலும் உரிமையும் பெற்றனர். அவை தாமாக வந்தவை அல்ல, கேட்டுப் பெற்றவை.

சட்டம் வரும்வரை நாம் செய்யத்தக்கன சில உள. ஒருவரைத் தாழ்த்தி மதிப்பிடுமுன், குறை அவருடையதா கடையினுடையதா என ஒரு கணம் எண்ணுங்கள். கடையின் குறையைக் கடைக்கே தெரிவியுங்கள். அரிசி மூடையுடன் நாலாம் மாடிக்கு ஏறி வருபவரை மின்தூக்கியில் அனுமதிக்குமாறு உங்கள் தொடர்மாடி நிருவாகத்தினரிடம் சொல்லுங்கள். சந்தோசம் கொடுக்க விரும்பின் கையிற் கொடுங்கள். கொடுக்க இயலாவிடின், குடிக்கத் தண்ணீரும் 'தம்பி, கவனமாகப் போங்கோ' என்ற ஒரு சொல்லும் கொடுங்கள். நாம் விரலால் இடும் நட்சத்திரம், ஒரு குடும்பத்தின் நாளைய சோறு என்பதை மறவாதிருப்போமாக.