பழைய ஆட்டத்துக்கு எந்தப் புராசசர்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



‘குறைந்த செலவில் கணினி’ என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசியவர்கள் பிள்ளைகளின் படிப்புக்கு எது, கடைக்கணக்குக்கு எது என்று விளக்கிவிட்டார்கள். எனக்கு மிச்சம் வைத்திருப்பது விளையாட்டு. ‘இதற்கெல்லாமா காசு?’ என்று முன்வரிசையில் ஓர் ஐயா முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. ஐயா, காசை மிச்சப்படுத்தும் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

நிகழ்ச்சிக்கு வந்த மின்னஞ்சல்களில் ஒன்று லோரி ஓட்டும் நேயர் ஒருவர் எழுதியது. அவரும் தம்பியும் சின்ன வயதில் ஆடிய பிளேஸ்டேஷன் 2 பெட்டியின் லேசர் கெட்டுவிட்டது. தட்டுகள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. தம்பி இப்போது உயிரோடு இல்லை. அந்த ஆட்டங்களை மகனுக்குக் காட்ட வேண்டும் என்கிறார். எமுலேட்டர் என்ற மென்பொருளைப் போட்டால் கணினியிலேயே ஆடலாம் என்று கேள்விப்பட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். ‘14 கோர் புராசசர், இதற்கு மேல் என்ன வேண்டும்?’ என்று ஒரு கணினியைக் காட்டியிருக்கிறார்கள். விலை அவருடைய பாதிச் சம்பளம். வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

வேண்டாம் என்பது என் பதில். காரணத்தைச் சொல்கிறேன்.

எமுலேட்டர் ஒரு மொழிபெயர்ப்பாளர். பிளேஸ்டேஷன் 2-இன் மூளை பேசும் மொழி வேறு. நம் கணினியின் மூளைக்குத் தெரிந்த மொழி வேறு. மேடையில் அமைச்சர் மலாயில் பேசுகிறார், பக்கத்தில் ஒருவர் உடனுக்குடன் தமிழில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் பதினான்கு பேரை வரிசையாக நிறுத்தினால் வேகம் கூடுமா? அடுத்த வாக்கியம் முந்தைய வாக்கியத்தைத் தொட்டுக்கொண்டு வருகிறது. ஒருவர் சொல்லி முடிக்காமல் இன்னொருவர் தொடங்க முடியாது. அங்கே தேவை வாய் வேகமுள்ள ஒரே ஆள். அவருக்கு ஒத்தாசையாக இரண்டு மூன்று பேர் இருந்தால் போதும்.

கோர் கணக்கும் இதேதான். பிளேஸ்டேஷன் 2-க்கான பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டர் முக்கியமாக மூன்று கோர்களில் வேலையைப் பிரித்துக்கொள்கிறது. கேம்கியூப், வீ சாதனங்களுக்கான டால்பின், பெரும்பாலும் இரண்டோடு நின்றுவிடும். மற்ற கோர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும். அதிலும் கெடு உண்டு: ஆட்டம் நொடிக்கு 60 படங்களில் ஓடினால், ஒரு படத்துக்குக் கிடைப்பது 17 மில்லி நொடிகூட இல்லை. பிந்தினால் ஆட்டம் மெதுவாகும், பாட்டு இழுபடும்.

நேயரிடம் காட்டிய கணினிக்குள் இருந்தது இன்டெல் சியோன் இ5-2680 வி4. 2016-இல் சர்வர்களுக்காக வந்தது. 14 கோர், உச்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். 2022-இல் வந்த கோர் ஐ3-12100-க்கு நாலே கோர்; உச்ச வேகம் 4.3. அத்துடன் ஒவ்வொரு துடிப்பிலும் அது முடிக்கும் வேலையும் அதிகம். அந்தச் சியோன் எளிய ஆட்டங்களை ஓட்டிவிடும், பொய் சொல்ல மாட்டேன். கனமான ஆட்டம் என்றால் திணறும். பெயரில் ‘ஐ3’ என்று இருப்பதால் மட்டமான சரக்கு என்று நினைக்க வேண்டாம்.

கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம். 2012-இல் வந்த ஏஎம்டி எஃப்எக்ஸ்-8350, எட்டு கோர், 4 கிகாஹெர்ட்ஸ் என்று விற்கப்பட்டது. 2014-இல் இன்டெல் வெளியிட்ட பென்டியம் ஜி3258-க்கு இரண்டே கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ், விலை 72 அமெரிக்க டாலர். வேகத்தைக் கூட்டிக்கொள்ளப் பூட்டுத் திறந்த சில்லு அது. டால்பின் ஆடும் இளைஞர்கள் அந்த எட்டு கோரை விட்டுவிட்டு இந்த இரண்டு கோரைத் தேடி வாங்கினார்கள்.

கடைக்குப் போகுமுன் பாஸ்மார்க் தளத்தில் ‘சிங்கிள் திரெட்’ மதிப்பெண்ணைப் பாருங்கள். தனி ஒரு கோரின் திறமை அதில் தெரியும். பிசிஎஸ்எக்ஸ்2 குழுவினரே தங்கள் தேவையை அந்த எண்ணில்தான் சொல்கிறார்கள்.

முதல் பிளேஸ்டேஷன் மட்டும் போதும் என்பவர்கள் எதையும் வாங்க வேண்டியதில்லை. அதன் மூளை 34 மெகாஹெர்ட்ஸைக்கூடத் தொடவில்லை. வீட்டில் தூசி படிந்து கிடக்கும் கணினியே ஓட்டும். பிளேஸ்டேஷன் 3 கதை நேர்மாறு. அதன் செல் புராசசரில் தலைமை மூளை ஒன்று, ஆட்டங்களுக்கு உதவும் துணை மூளைகள் ஆறு. அங்கே உண்மையாகவே பல மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும். ஆறு கோர், பன்னிரண்டு திரெட் உள்ளதற்குக் கீழே போகாதீர்கள்.

நம் நேயருக்கு வேண்டியது பிளேஸ்டேஷன் 2. அவருக்கு நான் சொல்லும் வழி, பழைய அலுவலகக் கணினி. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததை ஒட்டிப் பல நிறுவனங்கள் பழையதைக் கழித்துப் புதியது வாங்கின. அப்படி வந்தவற்றில் 2018-இல் வெளியான கோர் ஐ5-8500 கிடைத்தால் விடாதீர்கள். ஆறு கோர், 4.1 கிகாஹெர்ட்ஸ், விண்டோஸ் 11-உம் ஏற்கும். பெரும்பாலான ஆட்டங்களுக்கு அது தாராளம். புதிதாகத்தான் வேண்டும் என்றால் ஐ3-12100 அல்லது ரைசன் 5 5600ஜி.

எழுத்துகளைக் கவனியுங்கள். ஐ3-12100 என்பதன் பின்னால் ‘எஃப்’ இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. ரைசன் 5600-இல் ‘ஜி’ இல்லாவிட்டாலும் அப்படியே. சில வெள்ளி மலிவு என்று வாங்கி வந்து மாட்டினால் திரையில் ஒன்றுமே தெரியாது. தனிக் கார்டு வாங்க மறுபடி கடைக்கு ஓட வேண்டும். பழைய ஆட்டத்தை அதன் சொந்த அளவில் ஆடுவதற்கு உள்ளிருக்கும் கிராஃபிக்ஸ் பெரும்பாலும் போதும். ரேம் ஒன்றுக்கு இரண்டாக மாட்டுங்கள். அந்த கிராஃபிக்ஸுக்கு அது பெரிய உதவி.

சட்டம் பற்றி நடத்துநர் கேட்டார். அமெரிக்காவில் சோனி நிறுவனம் கனெக்டிக்ஸ் என்ற எமுலேட்டர் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், 2000-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. எமுலேட்டர் செய்வது ஒன்று. பிறர் ஆட்டத்தை இணையத்தில் திருட்டுத்தனமாக இறக்குவது வேறு. அந்தக் காலத்துப் பசார் மாலாம் தட்டுகளைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை!

லோரி ஓட்டும் அண்ணனுக்குக் கடைசியாக ஒன்று. அந்தப் பழைய பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பிசிஎஸ்எக்ஸ்2 ஓடுவதற்கு உங்கள் பெட்டியின் பயாஸ் கோப்பு வேண்டும். லேசர் கெட்டிருந்தாலும், பெட்டி உயிர்பெற்றால், பெரும்பாலான மாடல்களிலிருந்து மெமரி கார்டு வழியாக அதை எடுத்துவிடலாம். விவரம் தெரிந்த பையன் ஒருவன் போதும். தட்டுகளைக் கணினியின் டிவிடி டிரைவே படிக்கும். டிரைவ் இல்லாவிட்டால் யுஎஸ்பி-யில் மாட்டுவது வாங்கிக்கொள்ளுங்கள். மெமரி கார்டையும் மறந்துவிடாதீர்கள். அதில் இருப்பதையும் கணினிக்கு மாற்ற முடியும். உங்கள் தம்பி எந்தக் கட்டத்தில் நிறுத்தி வைத்தாரோ, உங்கள் மகன் அங்கிருந்தே தொடரலாம்.