இறப்பர்த் தோட்டத்திலிருந்து படைமுகாமுக்கு

(ரொறன்ரோ, வோபர்னில் நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நான் வரலாற்றாசிரியன் அல்லன். பொறியியல் படித்துக் கணினித் துறையில் பணிபுரிபவன். பெண்கள் படையில் இணைந்த கதை என்றதும் இம்மண்டபத்தில் பலருக்கும் ஈழப்போரே நினைவில் எழும். அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே மலாயாத் தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினர் என்பதை நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

1943 யூலையில் சிங்கப்பூர் வந்த சுபாஷ் சந்திரபோஸ், பெண்களுக்கெனத் தனிப் படைப்பிரிவு அமைக்கப்படும் என அறிவித்தார். சென்னையில் மருத்துவம் பயின்று சிங்கப்பூரில் பணியாற்றிய லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைமையை ஏற்றார். ஒக்ரோபர் 22 அன்று ஜான்சி ராணிப் படைப்பிரிவின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. ஆயிரம் பெண்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஆய்வாளர் வேரா ஹில்டெப்ராண்ட் ஏறத்தாழ 450 என்றே மதிப்பிடுகிறார். எண்ணைப் பெருக்கிச் சொல்வதால் அவர்களுக்கு எப்பெருமையும் கூடப்போவதில்லை.

அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். பலர் இறப்பர்த் தோட்டத் தொழிலாளரின் புதல்விகள். இந்தியாவைக் கண்ணால் கண்டிராதவர்கள். யப்பானிய ஆட்சியில் தோட்டங்களில் வேலையுமில்லை, அரிசியுமில்லை. ஆண்களைச் சயாம்-பர்மா தொடருந்துப் பாதை விழுங்கிக்கொண்டிருந்தது. எனவே நாட்டுப்பற்று மட்டுமே அவர்களை முகாமுக்கு அழைத்துவந்தது என நான் சொல்லமாட்டேன். பசியும் அச்சமும், தோட்டத்தைவிட்டு வெளியேறும் வேட்கையும் அதனோடு கலந்திருக்கும். சேலை களைந்து காற்சட்டை அணிந்து, இந்துஸ்தானியில் இடப்பட்ட கட்டளைகளுக்கு நடைபயின்றனர்.

வசதியான குடும்பத்துப் பெண்ணான ஜானகி தேவர் தம் காதணிகளைக் கழற்றி நிதிக்கு அளித்து, தந்தையின் மறுப்பையும் மீறிச் சேர்ந்தார். யாழ்ப்பாண வழிவந்த ராசம்மாவுக்கு அப்போது அகவை பதினாறு.

பர்மாவின் மேமியோ வரை ஒரு பிரிவினர் சென்றனர். ஆயினும் களமுனைக்கு அவர்கள் அனுப்பப்படவில்லை. இம்பால் படையெடுப்பு முறிந்தபின் காயமுற்றோரைப் பேணுவதே பணியாயிற்று. 1945 ஏப்ரலில் இரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது, வான்தாக்குதலுக்கு அஞ்சி இரவில் நடந்தனர். தொடருந்தில் திரும்பிய ஒரு பிரிவு வழியில் தாக்கப்பட்டதில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இருவர் மாண்டனர்.

ஜானகி பின்னர் அரசியலில் நின்றார். 2000இல் பத்மசிறீ விருது பெற்றார். ராசம்மா பூபாலன் ஆசிரியைகளின் சம ஊதியத்துக்குப் போராடினார். தோட்டத்துப் பெண்களோ தோட்டங்களுக்கே திரும்பினர். பால்வெட்டும் கத்தியை மீண்டும் கையிலெடுத்த அவர்களுள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

இதை நான் இங்கு பேசக் காரணம் உண்டு. ஈழப்போரில் விரும்பிச் சேர்ந்த பெண்களும் இருந்தனர், வலிந்து சேர்க்கப்பட்டோரும் இருந்தனர். 2009இன் பின் தடுப்பு முகாம், கண்காணிப்பு, அயலாரின் ஏச்சு எனப் பலவற்றையும் கடந்து, சிலர் இந்நாட்டிலும் வாழ்கின்றனர். வார இறுதிகளில் முதியோரின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்யும் தொண்டில் இருக்கிறேன். அப்படியொரு சகோதரி இரண்டு மணி நேரம் பேசினார். முடிவில், "தம்பி, இதை அழிச்சுவிடுங்கோ, பிள்ளையளுக்குத் தெரியாது" என்றார். அவர் முன்னிலையிலேயே அழித்தேன். அவர் உரிமை அது. ஆயினும் அவ்விரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பெயரும் குரலும் வெளிவராமல், அவரவர் குறித்த காலம்வரை பூட்டிவைக்கும் ஏற்பாட்டை இப்போது செய்துள்ளோம். பேச விரும்புவோர் கூட்டம் முடிந்தபின் என்னைத் தனியே காணலாம். பதிவுக்குப் பெண் தொண்டர்களே வருவார்கள்.